தாமிர ஆக்சைடு வினையூக்கிகளும் அவற்றின் மேற்பரப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்திலும் வேதியியல் முதுகலை பயில்வோர் ஆய்வுத்திட்டத்துக்கு விரும்பி எடுக்கும் பொருள்களில் தாமிர ஆக்சைடும் ஒன்று. மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) காஸ்டிக் சோடாவும் (சோடியம் ஹைட்ராக்சைடு) மலிவாகக் கிடைக்கின்றன. துறையில் ஒரு மஃபிள் ஃபர்னஸ் (உயர்வெப்ப மூடிய உலை) இருந்துவிட்டால் கறுப்புப் பொடி ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். அந்தப் பொடியை வினையூக்கி என்று அழைக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வினை நடக்கும் நேரத்தில் அதன் மேற்பரப்பில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு, புட்டியின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு விடையாகாது. மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும், திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பாத்திரக் கடைக்காரர்களும்கூட, கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இந்த ஓர் இடத்துக்கே வந்து சேர்வதால், அவற்றுக்கான விடைகள் இங்கே ஒன்றாகத் தரப்படுகின்றன.

தாமிர ஆக்சைடு என்பது ஒரே பொருள்தானா?

இல்லை. வினையூக்கத்தில் பேசப்படுபவை முதன்மையாக இரண்டு. தாமிரம் +1 நிலையில் (ஓர் எலக்ட்ரானை இழந்து) இருக்கும் குப்ரஸ் ஆக்சைடு செந்நிறமானது. கனசதுரப் படிக அமைப்பு உடையது. அதில் ஒவ்வொரு தாமிர அயனியும் இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே நேர்கோட்டில் அமைந்திருக்கும். தாமிரம் +2 நிலையில் இருக்கும் குப்ரிக் ஆக்சைடு கறுப்பு நிறமானது. ஒற்றைச்சரிவு அமைப்பு உடையது. அதில் ஒவ்வொரு தாமிர அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் ஏறத்தாழச் சதுரமாகச் சூழ்ந்திருக்கும். பிளஸ் டூ வகுப்பில் ஃபெலிங் கரைசலுடன் குளுக்கோசைச் சூடாக்கும்போது சோதனைக் குழாயின் அடியில் படியும் செங்கல் நிற வீழ்படிவு முதலாவது வகை. மயில்துத்தக் கரைசலில் காஸ்டிக் சோடா சேர்த்ததும் வரும் வெளிர்நீலக் கூழைச் சூடாக்கினால் கறுத்துப்போவது இரண்டாவது வகை.

இவ்விரண்டுக்கும் இடையில், +1, +2 என்ற இரு நிலைகளும் சம அளவில் கலந்த பாராமெலகோனைட் என்ற அரிய ஆக்சைடு ஒன்றும் உண்டு. அதைத் தூய நிலையில் பெறுவது கடினம். ஆய்வுத்திட்டத்தில் யாரும் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

செம்புக் குடம் முதலில் மங்குகிறது, அடுப்பில் வைத்தால் கறுக்கிறது, நாள்பட்டால் பச்சை பூக்கிறது. இவை மூன்றும் ஒரே ஆக்சிஜனேற்றமா?

மூன்றும் ஒரே தொடக்கத்திலிருந்து கிளம்பினாலும், முடிவில் மூன்றும் வேறு வேறு பொருள்கள்.

புதிதாகத் தேய்த்துத் துலக்கிய தாமிரத்தின்மீது காற்று பட்டவுடன் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதன்மேல் ஒட்டிப் பிளவுபடுகின்றன. சில அணு அடுக்குகள் அளவுக்குக் குப்ரஸ் ஆக்சைடு உருவான பிறகும் வளர்ச்சி நிற்பதில்லை. உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய படலத்தை ஊடுருவி மேலேயுள்ள ஆக்சிஜனைச் சென்றடைகின்றன. அதனால் படலத்துக்குக் குறுக்கே மிக வலிமையான மின்புலம் தோன்றுகிறது. அந்தப் புலம் தாமிர அயனிகளை வெளியே இழுக்கிறது. இயற்பியலாளர்கள் கப்ரேரா, மாட் ஆகிய இருவரும் 1940களின் இறுதியில் வகுத்த கோட்பாடு இதுதான். படலம் சில நானோமீட்டர் தடித்ததும் புலம் வலுவிழந்துவிடுவதால், அறை வெப்பநிலையில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகிறது. நாம் காணும் மங்கல் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது.

சூடேற்றும்போது நிலைமை மாறுகிறது. இப்போது அயனிகளை நகர்த்துவது மின்புலம் அன்று, வெப்ப ஊடுபரவல். குப்ரஸ் ஆக்சைடின் படிகத்தில் தாமிரம் இருக்க வேண்டிய இடங்கள் சில காலியாக இருக்கும். அந்தக் காலியிடங்கள் வழியாகத் தாமிரம் உள்ளிருந்து வெளியே நகர்கிறது. ஆக்சிஜன் வெளியிலிருந்து உள்ளே செல்வது மிகக் குறைவு. ஆகையால் ஆக்சைடு வெளிப்புறமாகவே வளர்கிறது, தடிப்பு காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. உலோகம் வெளியேறிய இடத்தில் வெற்றிடம் விழுகிறது. நானோ அளவுத் தாமிர உருண்டையைக் காற்றில் சூடாக்கினால் நடுவே பொள்ளலான ஆக்சைடு உருண்டை கிடைப்பது இதனால்தான். போதிய வெப்பத்தில் உலோகத்தை ஒட்டிக் குப்ரஸ் ஆக்சைடும், காற்றைத் தொடும் பக்கத்தில் குப்ரிக் ஆக்சைடும் என அடுக்கு அமைகிறது. அடுப்பில் கறுத்த அண்டாவின் கறுப்பில் புகைக்கரியைக் கழித்தால் எஞ்சுவது இந்த வெளியடுக்கு.

பச்சை வேறு வகை. அதற்கு ஈரமும், கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு, உப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் வேண்டும். காற்றில் எது மிகுதியோ அதற்கேற்பக் காரக் கார்பனேட்டாகவோ சல்பேட்டாகவோ குளோரைடாகவோ களிம்பு படிகிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கடற்காற்றில் குளோரைடு வகைக்கு வாய்ப்பு அதிகம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899க்கும் 1905க்கும் இடையில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை போன்ற பழைய வெண்கலப் பொருள்களில் குளோரைடு வகைக் களிம்புக்குப் பாதுகாப்பாளர்கள் தனியாக அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. குளோரைடு ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அரிப்பு மீண்டும் கிளம்பும்.

நெல்லுக்கு உமியைப் போலச் செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்பது சைவ சித்தாந்தம் காட்டும் உவமை. வேதியியல் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ளும்: களிம்பு உலோகத்துக்குள் இல்லை, காற்றிலிருந்து வருகிறது. ஆனால் காற்றில் விடப்பட்ட தாமிரம் எந்நாளும் ஆக்சைடை நோக்கியே நகரும் என்பதை வெப்ப இயக்கவியலும் மறுக்கவில்லை.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பது எதனால்?

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைக்கிறது. காற்று கலவாதவரை உலோகத்தை அநேகமாகத் தொடுவதில்லை. ஆய்வகத்தில் தாமிரத் தகட்டை உலையில் வைப்பதற்கு முன் அசெட்டிக் அமிலத்தில் கழுவுவதும் இதே காரணத்துக்காகத்தான். கழுவாமல் வைத்த தகட்டில் பழைய ஆக்சைடும் விரல் எண்ணெயும் சேர்ந்து படலத்தைத் திட்டுத்திட்டாக்கிவிடும்.

எந்த வெப்பநிலையில் எந்த ஆக்சைடு கிடைக்கும்?

காற்றில் சூடாக்கும் தகட்டுக்கு மட்டும் பொருந்தும் ஒரு தோராயக் கணக்கைச் சொல்லலாம். சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடுதான் உருவாகும். 300 டிகிரியை நெருங்கும்போது குப்ரிக் ஆக்சைடு சேரத் தொடங்கும். 400 முதல் 700 டிகிரி வரை சில மணி நேரம் வைத்தால், மேற்பரப்பிலிருந்து குப்ரிக் ஆக்சைடு நானோ கம்பிகள் முளைத்து நிற்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணலாம். ஆறும்போது உலோகமும் ஆக்சைடும் ஒரே அளவில் சுருங்காததால், தடித்த படலம் செதில் செதிலாக உரிந்து விழும். உலையைத் திறந்து தகட்டை வெளியே இழுக்கும் அவசரம் இங்கே உதவாது. இன்னும் மேலே, காற்றில் ஏறத்தாழ 1030 டிகிரிக்கு அப்பால், குப்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து குப்ரஸ் ஆக்சைடாக மாறிவிடும்.

பொடிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. துகள் சிறுத்தால் எல்லாமே குறைந்த வெப்பத்தில் நடக்கும். ஈரப்பதம், காற்றோட்டம், கிண்ணத்தில் பொடி எவ்வளவு தடிப்பாகக் கிடக்கிறது ஆகியவையும் விடையை மாற்றும். எடையைக் கொண்டு சரிபார்ப்பது எளிய வழி: தூய குப்ரஸ் ஆக்சைடு முழுவதும் குப்ரிக் ஆக்சைடாக மாறினால் எடை 11.2 விழுக்காடு கூடும். குப்ரிக் ஆக்சைடு முழுவதும் ஒடுங்கி (ஆக்சிஜனை இழந்து) உலோகமானால் எடை 20.1 விழுக்காடு குறையும்.

பொடிக்குள் இருப்பதும் பொடியின் மேற்பரப்பில் இருப்பதும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

படிகத்தின் உள்ளே ஒவ்வோர் அயனிக்கும் உரிய துணைகள் எல்லாப் பக்கமும் அமைந்திருக்கின்றன. மேற்பரப்பில் ஒரு பக்கம் வெட்டப்பட்டு, துணை குறைந்த அயனிகள் நிற்கின்றன. அவை எதையாவது பற்றிக்கொண்டு குறையைத் தீர்த்துக்கொள்ளும். காற்றில் முதலில் கிடைப்பது நீராவி. அது பிளந்து ஹைட்ராக்சில் (OH) குழுக்களாக ஒட்டிக்கொள்கிறது. அடுத்துக் கரியமில வாயு கார்பனேட்டாகப் படிகிறது. ஐப்பசி அடைமழையில் மூடி சரியாகப் பொருந்தாத புட்டியில் கிடந்த பொடியின் மேல்தோல், பங்குனி வெயிலில் தயாரித்து உடனே அளந்த பொடியின் மேல்தோலாக இராது. வினைக்கு முன் உலர்ந்த காற்றோட்டத்தில் 300 டிகிரி அளவில் சூடாக்கித் துப்புரவு செய்யச் சொல்வது இதற்காகத்தான். இந்த முன்செயலைக் குறிப்பிடாத அறிக்கைகள் இரண்டின் எண்களை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

நீரில் போட்டால் இந்த ஹைட்ராக்சில் குழுக்களே மேற்பரப்பின் மின்னூட்டத்தைத் தீர்மானிக்கின்றன. குப்ரிக் ஆக்சைடின் மின்னூட்டம் சுழியாகும் பிஎச் மதிப்பு பொதுவாக 8க்கும் 10க்கும் இடையில் அமைவதால், நடுநிலை நீரில் அதன் மேற்பரப்பு நேர்மின் தன்மை பெற்று, எதிர்மின் சாயங்களை ஈர்த்துக்கொள்ளும். சாயம் நிறமிழந்ததைக் கண்டு வினையூக்கம் நடந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன், அது வெறுமனே ஒட்டிக்கொண்டதா என்பதை இருட்டில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

அளவும் இங்கே பேசும். 50 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் மேலோட்டமான அரை நானோமீட்டர் தோல் மொத்தக் கன அளவில் சுமார் 6 விழுக்காடு. 5 நானோமீட்டர் உருண்டையில் அதே தோல் ஏறக்குறைய பாதி. குப்ரிக் ஆக்சைடின் அடர்த்தி 6.3 என்று கொண்டால், 50 நானோமீட்டர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் கிராமுக்கு 19 சதுர மீட்டர் பரப்பு தரும். எக்ஸ்கதிர் முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைச் சொல்லும் ஷெரர் சமன்பாட்டில் 20 நானோமீட்டர் என்று கணக்கிட்டுவிட்டு, பொடியின்மேல் ஒட்டும் வாயுவை அளக்கும் வாயுக் கவர்ச்சி முறையில் கிராமுக்கு 5 சதுர மீட்டர் என்று அளந்தால், துகள்கள் கட்டிபட்டுக் கிடக்கின்றன என்றுதான் பொருள். இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டுவிட்டு, அவை ஒன்றையொன்று மறுப்பதைக் கவனிக்காமல் விடும் ஆய்வேடுகள் குறைவில்லை.

படிகத்தின் எந்த முகம் வெளியே தெரிகிறது என்பது முக்கியமா?

குப்ரஸ் ஆக்சைடில் முக்கியம். அதைக் கனசதுரமாக வளர்த்தால் (100) என்று குறிக்கப்படும் முகங்களும், எண்முகியாக வளர்த்தால் (111) என்று குறிக்கப்படும் முகங்களும் வெளியே நிற்கும். (111) முகத்தில் இரண்டு ஆக்சிஜன்களுக்குப் பதில் ஒன்றோடு மட்டும் பிணைந்த தாமிர அயனிகள் தலைநீட்டுகின்றன. கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறு வந்து பற்ற அவை ஏற்ற இடங்கள். வடிவத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்திய பாலிமர் மேற்பரப்பில் எஞ்சியிருந்தால், அளவிடுவது முகத்தின் வினைத்திறனையா, பாலிமரின் மறைப்பையா என்று சொல்ல முடியாது.

கார்பன் மோனாக்சைடை எரிப்பதில் தாமிர ஆக்சைடு என்ன செய்கிறது?

நச்சான கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றும் இந்த வினை, ஆக்சைடு வினையூக்கத்தின் பாலபாடம். வாயுவிலுள்ள ஆக்சிஜன் நேரடியாக வந்து சேர்வதில்லை. கார்பன் மோனாக்சைடு மேற்பரப்புத் தாமிரத்தில் அமர்ந்து, பக்கத்திலுள்ள படிக ஆக்சிஜனையே பறித்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அங்கே ஒரு காலியிடம் உண்டாகி, அருகிலுள்ள தாமிரம் ஒரு படி ஒடுங்குகிறது. பிறகு வாயு ஆக்சிஜன் வந்து அந்தக் காலியிடத்தை நிரப்பி, தாமிரத்தை மீண்டும் ஆக்சிஜனேற்றுகிறது. 1954இல் மார்ஸ், வான் கிரெவெலன் ஆகியோர் வனேடியம் ஆக்சைடைக் கொண்டு விளக்கிய இந்தச் சுழற்சி இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

ஆகையால் நல்ல ஆக்சைடு வினையூக்கி ஆக்சிஜனை எளிதாகக் கொடுக்கவும் வேண்டும், விரைவாகத் திரும்பப் பெறவும் வேண்டும். தனியே விட்டால் குப்ரிக் ஆக்சைடு கொடுப்பதில் சற்றுத் தயக்கம் காட்டும். குப்ரஸ் ஆக்சைடு அதைவிட விறுவிறுப்பாகச் செயல்படுவதாகப் பல ஒப்பீடுகள் காட்டியுள்ளன, ஆனால் ஆக்சிஜன் மிகுந்த சூழலில் அது நெடுநேரம் குப்ரஸாகவே இருக்காது. துணை ஆக்சைடு ஒன்றைச் சேர்ப்பது இந்த இக்கட்டிலிருந்து வெளிவரும் வழி. சீரியம் ஆக்சைடின்மேல் மெல்லியதாகப் பரப்பிய தாமிரம், இரண்டும் சந்திக்கும் எல்லையில் +1 நிலையிலேயே நிலைத்துநிற்கிறது. ஆக்சிஜனைச் சீரியம் கைமாற்றிக் கொடுக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் நச்சுவாயு முகமூடிகளுக்காக உருவாக்கிய ஹாப்கலைட் என்ற கலவையில் இதே வேலையை மாங்கனீசு டை ஆக்சைடு செய்கிறது. அது அறை வெப்பநிலையிலேயே கார்பன் மோனாக்சைடை எரித்துவிடும். ஈரம் பட்டால் செயலிழந்துவிடும். சுரங்கத் தொழிலாளர் அணியும் தற்காப்புக் கருவியில் ஹாப்கலைட்டுக்கு முன்னால் உலர்த்தும் அடுக்கு ஒன்றை வைப்பது அதனால்தான்.

வினை நடக்கும்போது என் ஆக்சைடு ஆக்சைடாகவே இருக்கிறதா?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே தலையாயது. மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுவே. சூழல் ஆக்சிஜனேற்றுவதாக இருந்தால் ஆக்சைடு ஆக்சைடாக நிற்கும். சூழல் ஒடுக்குவதாக இருந்தால் நிற்காது. ஹைட்ரஜன் ஓட்டத்தில் குப்ரிக் ஆக்சைடு 200 முதல் 300 டிகிரிக்குள் உலோகத் தாமிரமாக ஒடுங்கிவிடும். சீரியத்தின்மேல் பரப்பியிருந்தால் 200 டிகிரிக்குக் கீழேயே ஒடுங்கும்.

உலகெங்கும் மெத்தனால் தயாரிக்கும் ஆலைகளுக்குத் தாமிரம், துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்து அழுத்திய மாத்திரைகளாகத்தான் வினையூக்கி வந்து சேருகிறது. ஆனால் அந்த ஆக்சைடு வினையூக்கி அன்று, அதற்கு முந்தைய நிலை. கலனுக்குள் வைத்தபின் மிகவும் நீர்த்த ஹைட்ரஜனைக் கொண்டு மெல்ல ஒடுக்குகிறார்கள். ஒவ்வொரு மோல் குப்ரிக் ஆக்சைடும் ஒடுங்கும்போது சுமார் 85 கிலோஜூல் வெப்பம் வெளிவருவதால், அவசரப்பட்டால் படுகையே சூடேறித் துகள்கள் உருகிச் சேர்ந்துவிடும். பின்னர் 50 முதல் 100 பார் அழுத்தத்தில் வேலை செய்வது துத்தநாக ஆக்சைடை ஒட்டி நிற்கும் உலோகத் தாமிரம்.

நம் ஊர் ஆய்வகங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, நான்கு-நைட்ரோஃபீனாலைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கும் சோதனை. மஞ்சள் கரைசலில் ஒரு சிட்டிகை குப்ரிக் ஆக்சைடைப் போட்டுவிட்டு, 400 நானோமீட்டரில் உறிஞ்சல் குறைவதை நிறமாலைமானியில் பார்க்கிறோம். தொடக்கத்தில் சற்று நேரம் எதுவும் நடக்காமல் வளைகோடு படுத்துக் கிடக்கும். பிறகு சட்டென்று இறங்கும். அந்தக் காத்திருப்பில் மேற்பரப்பும் ஒடுங்கி மாறுகிறது. போரோஹைட்ரைடு வலிமையான ஒடுக்கி. அது முதலில் ஆக்சைடின் மேற்பரப்பை ஒடுக்கித் தாமிரமாக்குகிறது, அந்தத் தாமிரமே வினையை நடத்துகிறது. ஆகவே ‘குப்ரிக் ஆக்சைடு நானோதுகள் வினையூக்கியாகச் செயல்பட்டது’ என்ற முடிவுரை வாக்கியம் அந்தச் சோதனையிலிருந்து வராது. ‘குப்ரிக் ஆக்சைடிலிருந்து கலனுக்குள்ளேயே உருவான பொருள்’ என்று எழுதுவது நேர்மையாக இருக்கும். தேர்வாளர் கேட்டாலும் பதில் கையில் இருக்கும்.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிர் விளிம்பு விலகல்) படத்தில் தூய குப்ரிக் ஆக்சைடு என்று வந்துவிட்டது. இது போதாதா?

பொடியின் உள்ளகத்துக்குப் போதும்; மேற்பரப்புக்குப் போதாது. தாமிர நேர்மின்முனை கொண்ட எக்ஸ்கதிர்க் குழாயில் எடுத்த படத்தில் இரு தீட்டா (கதிர் திரும்பும் கோணம்) 35.5, 38.7 டிகிரிகளில் குப்ரிக் ஆக்சைடின் வலுவான முகடுகளும், 36.4, 42.3 டிகிரிகளில் குப்ரஸ் ஆக்சைடின் முகடுகளும், 43.3 டிகிரியில் உலோகத் தாமிரத்தின் முகடும் தோன்றும். ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிப்புள்ள தோலோ, ஒழுங்கற்ற படலமோ, ஒரு சில விழுக்காட்டுக் கலப்போ இதில் தலைகாட்டாது.

மேற்பரப்புக்கு எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலை) வேண்டும். அது ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் இருப்பதை மட்டும் காட்டும். இங்கே தாமிரத்துக்கே உரிய ஒரு பொறி உண்டு. உலோகத் தாமிரத்தின் முதன்மை முகடும் குப்ரஸ் ஆக்சைடின் முதன்மை முகடும் 932.5 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. குப்ரிக் ஆக்சைடு சற்று மேலே, 933.6 அளவில் வரும்; அதோடு 940 முதல் 945 வரை அகன்ற துணை முகடு ஒன்றும் எழும். அந்தத் துணை முகடு +2 நிலையின் அடையாளம். டி-கூடு (தாமிரத்தின் 3d எலக்ட்ரான் கூடு) நிரம்பிய மற்ற இரண்டு நிலைகளிலும் அது குறிப்பிடத்தக்க அளவில் வராது. உலோகத்தையும் +1 நிலையையும் பிரிக்க வேண்டுமானால் அதே அளவீட்டில் ஆஜே எலக்ட்ரான் நிறமாலையையும் எடுக்க வேண்டும். அதில் உலோகம் 918.6, குப்ரஸ் 916.8, குப்ரிக் 917.7 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலில் பிரிந்து நிற்கும். வெளியூர் நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பும்போது படிவத்தில் இதைக் கேட்டு எழுதாவிட்டால், பெரும்பாலும் எடுத்துத் தர மாட்டார்கள். பிறகு எத்தனை முகடுகளைப் பொருத்திப் பார்த்தாலும் உலோகமா குப்ரஸா என்று தீராது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எக்ஸ்கதிரும் வெற்றிடமும் சேர்ந்து குப்ரிக் ஆக்சைடை அளக்கும்போதே ஒடுக்கிவிடக்கூடும். நெடுநேர அளவீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தாமிர முகட்டை எடுத்து ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். லேசர் ஒளியின் சிதறலைப் பார்க்கும் ராமன் அளவீட்டில் எதிர்த்திசைச் சிக்கல்: லேசர் சூட்டில் குப்ரஸ் ஆக்சைடு ஆக்சிஜனேற்றமடைந்து, செ.மீ.⁻¹ அலகில் 297 அருகே குப்ரிக் முகடு புதிதாக முளைக்கும். திறனைக் குறைத்து வைப்பதே வழி.

இலைச்சாறு கொண்டு தயாரித்த தாமிர ஆக்சைடு மேலானதா?

ஆவாரம், துளசி, வேம்பு என்று இந்தச் சீமையில் கிடைக்கும் எல்லா இலைகளையும் கொண்டு தாமிர ஆக்சைடு செய்தாயிற்று. சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் தாமிர அயனியோடு பிணைவதும், சில வேளைகளில் அதை ஒடுக்குவதும் உண்மை. ஆனால் அதே பொடியை 400 டிகிரியில் சில மணி நேரம் காற்றில் சுட்ட பிறகும் இலையின் மூலக்கூறுகள் மேற்பரப்பைப் போர்த்திப் பாதுகாக்கின்றன என்று எழுதுவது பொருந்தாது. அவை எரிந்துபோயிருக்கும். எஞ்சுவது சாம்பலிலுள்ள பொட்டாசியம், கால்சியம், குளோரைடு ஆகியவை. இவை வினைத்திறனை மாற்றக்கூடியவை. எனவே ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் இலைச்சாறு இல்லாமல், அதே உப்பு, அதே வெப்பநிலை, அதே நேரம் கொண்டு செய்த இன்னொரு மாதிரி கட்டாயம் வேண்டும். அதைச் செய்து பார்த்தவர்களின் எண்ணிக்கை, இலைகளின் எண்ணிக்கையைவிடக் குறைவு என்பது என் கணிப்பு.

கழுவுவதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

மயில்துத்தத்திலிருந்து செய்தால் சல்பேட்டும், குளோரைடு உப்பிலிருந்து செய்தால் குளோரைடும், காஸ்டிக் சோடாவிலிருந்து சோடியமும் ஒட்டிக்கொண்டு வரும். காரம் போதாவிட்டால் ஹைட்ராக்சைடுக்குப் பதில் பச்சை கலந்த காரச் சல்பேட் வீழ்படியும். அது 400 டிகிரியில் சுட்டாலும் சல்பேட்டை முழுதாக விடாது. கழுவிய நீரில் பேரியம் குளோரைடோ சில்வர் நைட்ரேட்டோ விட்டுப் பார்த்து, கலங்கல் வராமல் போகும்வரை கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவி முடிப்பது வீண். அதிலேயே குளோரைடு இருக்கிறது.

வினையூக்கி நாளடைவில் ஏன் சோர்ந்துபோகிறது?

காரணங்களில் முதன்மையானது துகள்கள் ஒன்றுசேர்ந்து பெருத்துப்போவது. தாமிரம் 1085 டிகிரியில் உருகும் உலோகம். கெல்வினில் உருகுநிலையின் பத்தில் மூன்று பங்கை எட்டும்போதே மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கும் என்ற கணக்குப்படி, 135 டிகிரி அளவிலேயே அசைவு ஆரம்பமாகிவிடுகிறது. ஒடுங்கிய தாமிர வினையூக்கிகளை 300 டிகிரிக்கு மேல் கொண்டுபோகத் தொழிற்சாலைகள் தயங்குவது இதனால்தான். குளோரைடு சிறிதளவு இருந்தாலும் இந்தப் பெருத்தலை விரைவுபடுத்தும். கந்தகம் மேற்பரப்பை நேரடியாக அடைத்துக்கொள்ளும்.

ஒடுக்கிய வினையூக்கியைக் கலனிலிருந்து எடுத்ததும் சூடாகிவிடுகிறது. ஏன்?

நுண்ணிய உலோகத் தாமிரம் காற்றில் மீண்டும் ஆக்சிஜனேற்றமடைந்து வெப்பத்தை வெளிவிடுகிறது. பொடி கனன்று அருகிலுள்ள வடிதாளையே பற்றவைக்கவும் கூடும். அறை வெப்பநிலைக்கு ஆறவைத்து, நைட்ரஜனில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான ஆக்சிஜனைக் கலந்து மெல்லச் செலுத்தி, மேலே மெல்லிய ஆக்சைடுத் தோல் போர்த்திய பிறகே திறக்க வேண்டும். அந்தத் தோலும் மேற்பரப்பின் ஒரு பகுதிதான். பிறகு எடுக்கும் எக்ஸ்பிஎஸ் படத்தில் தெரிவது அதுவே.

கரியமில வாயுவை மின்சாரத்தால் எரிபொருளாக்கும் ஆய்வுகளில் தாமிர ஆக்சைடு ஏன் வருகிறது?

1980களில் ஜப்பானில் யோஷியோ ஹோரியின் குழு, தாமிர மின்முனையில் கரியமில வாயு மீத்தேனாகவும் எத்திலீனாகவும் மாறுவதைக் காட்டியது. பின்னர், தாமிரத்தை முதலில் ஆக்சைடாக்கி அதைக் கலனிலேயே ஒடுக்கினால் விளைபொருள்களின் பங்கு மாறுவது தெரியவந்தது. அப்படியானால் வேலை செய்வது எஞ்சிய ஆக்சைடா, ஆக்சைடு விட்டுச்சென்ற கரடுமுரடான உலோகமா? இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. வினை நடக்கும் மின்னழுத்தம் குப்ரஸ் ஆக்சைடு ஒடுங்கும் மின்னழுத்தத்தைவிட வெகுவாகக் கீழே இருப்பதால், வெப்ப இயக்கவியல் உலோகத்தின் பக்கம் நிற்கிறது. மின்முனையை வெளியே எடுத்துப் பார்த்து ‘இதோ ஆக்சைடு’ என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் காற்று அதை ஆக்சைடாக்கியிருக்கும்.

மிஞ்சிய தாமிரக் கரைசலைத் தொட்டியில் ஊற்றலாமா?

கூடாது. ஆய்வகத் தொட்டியின் நீர் கடைசியில் பாளையங்கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரக்கூடும். கரைந்த தாமிரம் மீன்களுக்கும் பாசிகளுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கழிவை ஒரு வாளியில் சேர்த்து, சலவைச் சோடாவோ சுண்ணாம்போ சேர்த்துப் பிஎச் 9 அளவுக்குக் கொண்டுவந்தால் தாமிரம் நீலப்பச்சைச் சேறாகப் படியும். அதை வடிகட்டி உலர்த்தி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். அமோனியா கலந்த ஆழ்நீலக் கரைசல்களை மட்டும் இந்த வாளியில் சேர்க்கக் கூடாது. அமோனியா தாமிரத்தைக் கரைசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வாளியிலுள்ள மற்றக் கழிவுகளும் படியாமல் போகும்.